கார்ப் சிங்க் என்பது பெட்ரோல் சமாச்சாரம் இல்லை

பழைய ரெட்டை சிலிண்டர் வண்டியோ நாலு சிலிண்டர் வண்டியோ வைத்திருப்பவர் "ஐடிலிங் நிக்க மாட்டேங்குது" (ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் நிதானமாக ஓடாமல் தடுமாறுகிறது) என்று வாயைத் திறந்தால் போதும். சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "கார்ப் சிங்க் பண்ணுங்க, சரியாயிடும்" என்பார். மைலேஜ் குறைந்தாலும் அதே மருந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அதே மருந்து. ஊரில் எல்லா நோய்க்கும் சுக்குக் கஷாயம் சொல்வதைப் போல.

போதாக்குறைக்கு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு ஏர் ஸ்க்ரூவையும் கால் சுற்று திருப்பிவிட்டு "சிங்க் பண்ணியாச்சு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு வேலை. கார்ப் என்பது கார்புரேட்டர். சிங்க் என்றால் உண்மையில் என்ன, அது எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று முதலிலிருந்து பார்ப்போம்.

இன்ஜின் என்பது உறிஞ்சுகிற ஒரு வாய்

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது ஸ்ட்ராவை விரலால் லேசாக நசுக்கிப் பாருங்கள். இளநீர் குறைவாக வரும், கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நசுக்க நசுக்க வாய்க்குள் இழுவை கூடும். விரலை எடுத்தால் இளநீர் தாராளமாக வரும், கன்னமும் பழையபடி ஆகிவிடும்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது நடப்பதும் இதுதான். சிலிண்டர் உறிஞ்சுகிறது. ஆனால் அது உறிஞ்சுவது காற்றை. அந்தக் காற்று வரும் வழியில் உட்கார்ந்து, போகிற காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் கருவிதான் கார்புரேட்டர். அதற்குள் மேலும் கீழும் போகிற ஒரு கதவு இருக்கிறது. அதன் பெயர் ஸ்லைடு. ஸ்ட்ராவை நசுக்கிய விரலின் வேலையை இங்கே செய்வது அதுதான்.

ஆக்சிலேட்டரைத் திருகினால் பெட்ரோல் குழாய் திறக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். கை திறப்பது காற்றுக் கதவைத்தான். காற்று பாய்கிற வேகத்தில் பெட்ரோல் அதன்பின்னால் இழுபட்டு வருகிறது.

கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது கதவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைந்துவிடும். அந்தக் குறைவைத்தான் வேக்குவம் என்கிறோம். வாய்க்குள் கன்னத்தை இழுத்ததும் அதுவே. கதவு மூட மூட வேக்குவம் கூடும், திறக்கத் திறக்கக் குறையும். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டியூபில் எண்ணெய் ஏறும்போது எந்தப் பக்கம் திருகுவது என்று சொல்லப்போவது இதுதான்.

ஒரு கைப்பிடி, நாலு கதவு

ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு ஒரு கார்புரேட்டர், அதில் ஒரு கதவு. அங்கே சிங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரச்சினை ஒன்றுக்கு மேல் போகும்போதுதான் ஆரம்பிக்கிறது.

1969-இல் ஹோண்டா கொண்டுவந்த சிபி750 வண்டியை எடுத்துக்கொள்வோம். 736 சி.சி., வரிசையாக நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் 28 மி.மீ. துளை கொண்ட ஒரு கெய்ஹின் கார்புரேட்டர். முதலில் வந்த வண்டிகளில் கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் நான்காகப் பிரிந்து, நாலு ஸ்லைடுகளைத் தனித்தனியாக இழுத்தது. நாலு கேபிளும் ஒரே அளவு நீண்டு, ஒரே அளவு தேய்ந்தால்தான் அந்த ஏற்பாடு ஒழுங்காக நிற்கும். எந்த ஊரில் அப்படி நடக்கும்? அடுத்து வந்த கே1 மாடலிலேயே நாலு ஸ்லைடையும் ஒரே தண்டில் கோத்து, நெம்புகோல் வைத்துத் தூக்கும்படி மாற்றிவிட்டார்கள். அதிலும் மூட்டுகள் தேயும். யாராவது கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே அளவு கொஞ்சம் மாறிவிடும்.

கோயில் சப்பரத்தை நாலு பேர் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். அதில் ஒருவர் இரண்டு அங்குலம் குள்ளமானவர் என்றால் தண்டு அவர் தோளைத் தொடவே தொடாது. அவர் கூடவே நடந்து வருவார், அவ்வளவுதான். பாரம் மற்ற மூவர் தோளில் இறங்கும். சப்பரம் நகராமல் இல்லை. ஆனால் சாய்ந்து, குலுங்கி நகரும்.

சிபி750-இலும் இதே கதைதான். ஒரு ஸ்லைடு மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டருக்குக் காற்று குறைவு, கூட வரும் பெட்ரோலும் குறைவு, வெடிப்பும் பலவீனம். மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். "ஒரு சிலிண்டர் ஸ்லோவா ஓடுது" என்று சொல்வார்கள், அது தவறு. நாலு பிஸ்டனும் ஒரே கிராங்கில், அதாவது அவை சேர்ந்து சுழற்றும் தண்டில், மாட்டியிருக்கின்றன, நாலுக்கும் ஒரே வேகம்தான். மாறுவது ஒவ்வொன்றும் செய்கிற வேலையின் அளவு.

இந்த நாலு கதவும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திறக்கும்படி வைப்பதுதான் சிங்க். இதுவரை பார்த்ததில் பெட்ரோலை யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். சமப்படுத்துவது காற்றை.

ஐடிலிங்கில் மட்டும் ஏன் ஆட்டம்?

ஒரு ஆளுக்கு வைக்கிற குழம்பில் ஒரு ஸ்பூன் உப்பு கூடினால் வாயில் வைக்க முடியாது. கல்யாணப் பந்திக்கு அண்டாவில் வைக்கிற குழம்பில் அதே ஒரு ஸ்பூன் கூடினால் யாருக்கும் தெரியாது.

ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி நின்ற இடத்தில் ஓடுகிற நிலையில், ஸ்லைடு மிகக் கொஞ்சமாகத்தான் தூக்கியிருக்கும். எடுத்துக்காட்டுக்கு 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஸ்லைடு 0.8 மி.மீ. தூக்கியிருந்தால் வித்தியாசம் 20 சதவீதம். இன்ஜின் குலுங்கும். அதே 0.2 மி.மீ. வித்தியாசம், ஸ்லைடு 28 மி.மீ. முழுவதும் திறந்திருக்கும்போது ஒரு சதவீதம்கூட இல்லை.

அதனால் சிங்க் கெட்டுப்போன வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகப் பறக்கும், சிக்னலில் நின்றால் நடுங்கும். ஐடிலிங் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை விட்டபிறகு வேகம் உடனே இறங்காமல் தயங்கி இறங்கும். பழைய ஹோண்டா நாலு சிலிண்டர்களில் நின்றபடி ஓடும்போது கிளச் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வரும். கிளச் போய்விட்டது என்று பயந்து பிரித்துப் போட்டவர்கள் உண்டு. பல சமயம் சிங்க் சரியானதும் அந்தச் சத்தம் பாதியாகிவிடும். வெடிப்புகள் சமமாக இல்லாமல் கிராங்க் இழுத்து இழுத்துச் சுற்றுவதுதான் அங்கே சத்தமாகக் கேட்கிறது.

மறுபுறம், டாப் ஸ்பீடு வரவில்லை என்பதற்கு சிங்க் காரணமாக இருப்பது அபூர்வம். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கும் அப்படித்தான். அவற்றுக்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

மூன்று ஸ்க்ரூ, மூன்று வேலை

பாதிக் குழப்பம் இங்கேதான். ஐடில் ஸ்க்ரூ ஸ்லைடு முழுவதும் இறங்கிவிடாமல் தாங்கி நிற்கும். நாலு கார்புரேட்டர்களும் தண்டில் கோக்கப்பட்ட வண்டிகளில் பொதுவாக ஒரே ஒரு ஐடில் ஸ்க்ரூதான், திருகினால் நாலும் சேர்ந்து ஏறும். ஏர் ஸ்க்ரூ ஒவ்வொரு கார்புரேட்டரிலும் தனியாக இருக்கும். ஐடிலிங்கில் காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அது சொல்லும். மூன்றாவது சிங்க் ஸ்க்ரூ. ஒரு ஸ்லைடை மட்டும் தண்டிலிருந்து கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைப்பது அது. மற்ற ஸ்லைடுகளோடு ஒப்பிட்டுத்தான் அதற்கு அர்த்தம்.

குழம்புக் கணக்கில் சொன்னால், ஏர் ஸ்க்ரூ உப்பு புளி பார்ப்பது. சிங்க் ஸ்க்ரூ நாலு இலைக்கும் ஒரே அளவு ஊற்றுவது. குழம்பு ருசியாக இருந்தும் ஒரு இலைக்குப் பாதிதான் விழுந்திருக்கலாம்.

சிங்க் வேலை கடைசியில்

ஒரு நண்பரின் பழைய ஹோண்டா நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. சரி செய்து, சிங்க் ஸ்க்ரூ நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கி, ஆக்சிலேட்டரை ஒரு தடவை முறுக்கிவிட்டால் அளவு மறுபடி ஓடிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே. இருட்டத் தொடங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய், அதாவது மேனிஃபோல்ட், கீழ்ப்பக்கம் கீறல் விட்டிருந்தது. முறுக்கும்போது இன்ஜின் அசையும், கீறல் வாயைப் பிளக்கும், காற்று பக்கவாட்டில் நுழையும். கதவை எவ்வளவு ஒழுங்காக வைத்தால் என்ன, சுவரிலேயே ஓட்டை.

நாம் அளக்கப்போவது வேக்குவம். அதைக் கெடுக்கும் வேறு கோளாறு ஒன்று இருந்தால், அதை மறைக்கத்தான் சிங்க் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்போம். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி, இல்லாமல் வால்வு சரியாக மூடாத சிலிண்டரில் வேக்குவம் குறைவாகக் காட்டும். கதவுதான் அதிகம் திறந்திருக்கிறது என்று நினைத்து மூடுவோம். ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் சிலிண்டருக்கு மூச்சையும் அடைத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் முதலில் டேப்பெட். சிபி750-க்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.08 மி.மீ. அப்புறம் பிளக்கின் பொறியைத் தூண்டும் பாயிண்ட்டின் இடைவெளியும், பொறி வரும் நேரமான இக்னிஷன் டைமிங்கும். பிளக், ஏர் ஃபில்டர், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு எல்லாம் அடுத்து. மேனிஃபோல்ட் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, ஓடும் இன்ஜினின் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் சிங்க். பல வண்டிகள் இந்த வரிசை முடிவதற்குள்ளேயே ஒழுங்காகிவிடும், அது வேறு விஷயம்.

கொத்தனார் டியூபும் மானோமீட்டரும்

வீடு கட்டும்போது கொத்தனார் நீளமான, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்து மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையிலும் காற்றழுத்தம் ஒன்றாக இருப்பதால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. இப்போது ஒரு முனையில் நீங்கள் வாயை வைத்து உறிஞ்சினால் தண்ணீர் உங்கள் பக்கம் ஏறும். இரண்டு முனையிலும் இரண்டு பேர் உறிஞ்சினால்? யார் பலமாக உறிஞ்சுகிறாரோ அவர் பக்கம் ஏறும். இரண்டு பேரும் சமம் என்றால் மட்டம் அப்படியே நிற்கும்.

அழுத்த வித்தியாசத்தை இப்படித் திரவத்தின் ஏற்ற இறக்கத்தால் காட்டும் கருவிதான் மானோமீட்டர். வீட்டில் செய்வதற்கு மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் அதே மாதிரி பிளாஸ்டிக் டியூப் நான்கைந்து மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் நீளமாக வளைத்துக் கட்டி, அடிப்பகுதியில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான எண்ணெய்) ஊற்றினால் போதும். இரண்டு முனைகளும் இரண்டு சிலிண்டர்களின் இன்டேக் வழியில் இருக்கும் சின்ன வேக்குவம் ஸ்க்ரூ துளைகளுக்குப் போகும். அதற்கு ஏற்ற அடாப்டர் வேண்டும்.

எண்ணெய் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் வேக்குவம் அதிகம். வேக்குவம் அதிகம் என்றால் கதவு அதிகமாக மூடியிருக்கிறது. ஆகவே அந்தப் பக்க ஸ்லைடைக் கொஞ்சம் திறக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். அதிகம் காட்டுகிற பக்கம்தான் அதிகம் திறந்திருக்கிறது என்று மனசு தானாக முடிவு கட்டிவிடும். ஸ்ட்ராவை நசுக்கியபோது கன்னம் ஒட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஐடிலிங்கில் சிபி750-இன் வேக்குவம் சுமார் 16 முதல் 24 செ.மீ. பாதரசம். பாதரசம் கனமானது, அதன் ஒரு செ.மீ. ஏறக்குறைய 15 செ.மீ. எண்ணெய்க்குச் சமம். அப்படியானால் 20 செ.மீ. பாதரசம் என்பது 3 மீட்டர் எண்ணெய். இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிரே இழுத்துக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரு முனை கழன்றுவிட்டால் மறுமுனை மொத்த எண்ணெயையும் ஒரே இழுப்பில் இன்ஜினுக்குள் குடித்துவிடும். தெருவே வெள்ளைப் புகையாகும். 2டி ஆயில் ஊற்றச் சொன்னதற்குக் காரணம் அதுதான், கொஞ்சம் உள்ளே போனாலும் எரிந்து வெளியே வந்துவிடும். பாதரசம் ஊற்றிய பழைய மானோமீட்டர்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அதை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், அதன் ஆவி விஷம்.

எண்ணெய் துடிக்காமல் நிற்க, மீன் தொட்டிக் காற்றுக் குழாய்க்குப் போடும் சின்ன வால்வு ஒன்றை ஒவ்வொரு முனையிலும் போட்டு, பாதிக்கு மேல் மூடி வையுங்கள்.

நாலு முள் உள்ள வேக்குவம் கேஜ் செட் கடையில் வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. நாலு கேஜும் ஒரே உண்மையைச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். முதலில் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். எது எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, குறைத்துச் சொல்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

கையில் ஸ்க்ரூடிரைவரோடு

வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இந்த வேலை கூடவே கூடாது, சைலன்சர் புகை ஆளைக் கொல்லும். இன்ஜினுக்கு முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன். நின்ற இடத்தில் ஓடும் ஏர்கூல்டு இன்ஜினுக்குக் காற்று வேறு எங்கிருந்து வரும்? டேங்கைக் கழற்ற வேண்டியிருந்தால் தனியாக ஒரு சின்ன பெட்ரோல் பாட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். அது ஒழுகிச் சூடான இன்ஜினில் விழாதபடி நல்ல கிளிப் போடுங்கள்.

சிபி750-இல் ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனி சிங்க் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உண்டு. பின்னால் வந்த பல நாலு சிலிண்டர் வண்டிகளில் மூன்று ஸ்க்ரூதான் இருக்கும். முதலில் ஒன்றையும் இரண்டையும் சமப்படுத்துவது, பிறகு மூன்றையும் நான்கையும், கடைசியாக நடு ஸ்க்ரூவால் இந்த ஜோடியையும் அந்த ஜோடியையும். உட்கார்ந்து ஓட்டுபவரின் இடது கைப் பக்கம்தான் ஒன்றாம் நம்பர்.

ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். திருப்பியதும் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். மூட்டுகள் அவற்றின் இடத்தில் உட்கார்ந்த பிறகு வருவதுதான் உண்மையான அளவு. லாக் நட்டை இறுக்கும்போதும் அளவு நகரும், அதனால் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். முள் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும் என்று நாள் முழுவதும் மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் வண்டியின் கையேடு அனுமதிக்கும் வித்தியாசத்துக்குள் வந்தால் போதும். சமமானதும் ஐடிலிங் தானாக ஏறும். அதை ஐடில் ஸ்க்ரூவால் இறக்கிக்கொள்ளலாம்.

நம்ம ஊர் ஆர்டி350-க்கு மானோமீட்டர் வேண்டாம்

1983-இல் இந்தியாவுக்கு வந்த ராஜ்தூத் 350 வண்டிக்கு, நாம் எல்லோரும் ஆர்டி என்று கூப்பிடுவதற்கு, ரெட்டை சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஆனால் அது டூ ஸ்ட்ரோக். அதில் நிலையான வேக்குவம் கிடைப்பதில்லை, கேஜ் மாட்ட இடமும் இல்லை. அதனால் கதவுகளையே நேராகச் சமப்படுத்துவார்கள்.

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டு, இன்னொருவரை ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருகச் சொல்வது பழைய மெக்கானிக்குகளின் வழி. இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் விரலை விட்டு எழ வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்களை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்து, கேபிள் அட்ஜஸ்டரைத் திருகி, இரண்டு பிட்டும் ஒன்றாகத் தளரும்படி வைக்கலாம்.

அப்புறம் காது. இன்ஜின் அணைந்திருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி சட்டென்று விடுங்கள். ஸ்லைடுகள் கீழே விழும் சத்தம் கேட்கும். "ட-டக்" என்று கேட்டால் ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. "டக்" என்று ஒரே சத்தமாகக் கேட்டால் சரி.

ஆர்டியில் இதோடு வேலை முடியாது. கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் டேங்குக்கு அடியில் மூன்றாகப் பிரிகிறது. இரண்டு கார்புரேட்டர்களுக்கு, மூன்றாவது இன்ஜினுக்கு எண்ணெய் கொடுக்கும் ஆயில் பம்புக்கு. மேலே கேபிளைத் தொட்டிருந்தால் பம்பின் அளவும் நகர்ந்திருக்கலாம். பம்பு பின்தங்கினால் எண்ணெய் குறையும், பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் சைடு கவரை மூடுவதற்கு முன் பம்பு புல்லியில் உள்ள குறி, கையேட்டில் சொன்னபடி அங்கே இருக்கும் சின்ன ஊசிக்கு (பின்) நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.